கார்க் ஸ்க்ரூவுக்கு ஆயுத பூஜை

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டாவது வரிக்குப் பிறகு சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. இரண்டாவது வரி இதுதான்: புனேயில், ஔந்தில் இருக்கும் என் ஃப்ளாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட பழங்கால கார்க் ஸ்க்ரூக்கள் இருக்கின்றன.

பார்த்தீர்களா? இப்போதே உங்கள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அதே சிரிப்பைத்தான் எங்கள் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி முகத்திலும், என் டாக்டர் முகத்திலும், கோயம்புத்தூரிலிருந்து வரும் ஒவ்வொரு சொந்தக்காரர் முகத்திலும் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்துகொண்டிருக்கிறது. வாள் சேகரிப்பவரிடம் போய் "இதுவரைக்கும் எத்தனை தலைங்க?" என்று யாராவது கேட்கிறார்களா? பழைய பூட்டு சேகரிப்பவரைத் திருடன் என்கிறார்களா? ஒயின் பாட்டிலின் தக்கையைத் திருகிப் பிடுங்குகிற, உள்ளங்கை அளவு கருவியை நான் சேகரித்தால் மட்டும், "தினமுமா, இல்லை சனி ஞாயிறு மட்டுமா?" என்று கேட்பார்களாம். என்ன நியாயம் இது?

நான் சாக்கனில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. நாள் முழுக்க இரும்புத் துண்டுகளைக் கையில் எடுத்து, இது சொத்தை, அது சொட்டை என்று ஒதுக்குவதற்குச் சம்பளம் தருகிறார்கள். (வீட்டில் அந்த அதிகாரம் என் மனைவி ரேவதியிடம் இருக்கிறது. சம்பளம் இல்லாமலே என்னைவிடச் சிறப்பாகச் செய்கிறாள்.) போபோடியில் ஒரு பழைய இரும்புக் கடைக்குக் கதவுக் கீல் வாங்கப் போனபோது, ஆணிக் குவியலுக்கு நடுவே முதல் கார்க் ஸ்க்ரூவைப் பார்த்தேன். பக்கத்தில் கட்கி கண்டோன்மெண்டில் ஏதோ ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது வந்து விழுந்ததாம். அந்தத் திருகின் சுற்று ஒவ்வொன்றும் ஒரே அளவில், ஒரே சாய்வில் இருந்தது. மெஷின் இல்லாத காலத்தில் எவனோ கையால் செய்திருக்கிறான். எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் வைத்துச் செய்தும் அப்படி வருவதில்லை. கீலை மறந்துவிட்டு அதை வாங்கி வந்தேன். கதவு இன்னமும் கிரீச்சிடுகிறது.

இந்தச் சேகரிப்பில் எல்லாமே நிலைமைதான். அதாவது, பொருள் எந்த நிலைமையில் இருக்கிறது என்பது. முதலில் திருகின் முனையைப் பார்க்க வேண்டும். ஒடிந்திருந்தால் போச்சு. ஒடிந்ததை அரத்தால் ராவிக் கூர் போட்டிருந்தால் அதைவிடப் போச்சு. பிறகு பிடி. அதில் விரிசல் உண்டா, வேறு எதிலிருந்தோ கழற்றி மாட்டியதா என்று பார்க்க வேண்டும். சில பிடிகளின் ஒரு முனையில், பாட்டில் கழுத்தின் தூசியைத் தட்ட ஒரு சின்ன பிரஷ் இருக்கும். அந்த முடி கொட்டாமல் இருந்தால், சேகரிப்பவனுக்குக் கால் தரையில் பாவாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரும்பின் மேல் காலம் படிய வைத்த அந்தக் கருஞ்சாம்பல் நிறத் தோல். அதைத் தேய்க்கவே கூடாது. தேய்த்தவன் சேகரிப்பாளன் இல்லை, கொலைகாரன்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ரிட்டயர்ட் கர்னல். புனேக்காரர். மீசை மட்டும் இன்னும் பணியில் இருந்தது. பழைய கருவிகள் சேகரிப்பவர்களை எல்லாம் திரட்டி, கேம்ப் ஏரியாவில் ஒரு ஹாலில் வருடத்துக்கு ஒரு கண்காட்சி வைப்பார். அதில் ஒரு கண்ணாடிப் பெட்டியும், அதற்குக் கீழே என் பெயர் போட்ட ஒரு அட்டையும் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நீங்கள் சிரித்தால் சிரியுங்கள். செக்ரட்டரியை அங்கே கூட்டிப்போய், "பாருங்க, இதுக்குப் பேர் கலை" என்று சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்த அட்டையைப் போட்டோ பிடித்து அனுப்ப வேண்டும். ஆனால் கர்னல் லேசில் மசிகிற ஆளில்லை. வீட்டுக்கே வந்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, "கை படாதது" என்று தீர்ப்புச் சொன்னால்தான் பெட்டி.

மெதுவாகக் கெஞ்சிக் கெஞ்சி அந்த வருடம் அவரைச் சம்மதிக்க வைத்தேன். "தசரா அன்று வீட்டில் விருந்தாளிகள் வருவார்கள். முந்தின நாள் நாலு மணிக்கு வருகிறேன்," என்றார்.

"வாங்க சார், வாங்க சார்," என்றேன். என் வாழ்க்கையில் நான் அவசரப்பட்டுச் சொன்ன 'சரி'களில் இரண்டாவது பெரியது அது. (முதலாவதைப் பற்றி எழுதினால் ரேவதி படித்துவிடுவாள்.)

புனேயில் வண்டிக்கும் மெஷினுக்கும் சாமந்தி மாலை போடுவதை நான் தசரா அன்றுதான் பார்த்துப் பழகியிருந்தேன். எங்கள் பார்க்கிங் முழுக்க அன்று கார்கள் மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும். வருடக்கணக்காக அதையே பார்த்து, ஆயுத பூஜை என்றாலே தசரா என்று என் மண்டையில் பதிந்துபோயிருந்தது. நம் ஊர்க் கணக்குப்படி அது முந்தின நாளே வந்துவிடும் என்பது சுத்தமாக மறந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்பது, ரேவதி காய் வெட்டும் கத்திக்கும் கார் சாவிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்புவதோடு முடிந்துவிடும். அதனால் நினைவிருக்க நியாயமும் இல்லை.

அந்த வருடம் மட்டும் என் மாமனார் வந்திருந்தார்.

மாமனார் கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டார். கையைத்தான் யாரிடமும் கொடுக்க முடியவில்லை, அது சும்மா இருக்காது. எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே மிக்ஸியைக் கழற்றி மாட்டினார். மூன்றாம் நாள் கீழ் வீட்டு மிக்ஸி வந்தது. இரும்பில் துருவைக் கண்டால் அவருக்கு, குழந்தையின் மூக்கு ஒழுகுவதைக் கண்டதுபோல், உடனே துடைத்தாக வேண்டும். அதிலும் ஆயுத பூஜை அன்று வீட்டில் துருப்பிடித்த சாமான் இருந்தால், அது அவருடைய பரம்பரைக்கே இழுக்கு.

நவமியன்று நான் வழக்கம்போல ஆபீசுக்குப் போய், அரை நாள் லீவு போட்டுவிட்டு இரண்டு மணிவாக்கில் வீட்டுக்கு வந்தேன். லிஃப்டிலிருந்து இறங்கும்போதே மண்ணெண்ணெய் வாசமும் கற்பூர வாசமும் கலந்து அடித்தது. 'பாவம், யார் வீட்டிலோ பூஜை,' என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

ஹாலில் மணைப் பலகை. அதன் மேல் வெள்ளை வேட்டி. நடுவில் சரஸ்வதி படம். அதற்கு முன்னால் என் மகள் அனுவின் லேப்டாப், மிக்ஸி ஜார், அரிவாள்மனை, ஸ்பேனர் செட். அவற்றுக்கும் முன்னால், ஸ்கூல் அசெம்பிளியில் குட்டைப் பையன்களை நிறுத்துவதுபோல் வரிசை வரிசையாக, என் கார்க் ஸ்க்ரூக்கள். ஒவ்வொன்றும் பளபளவென்று, பேண்ட் வாத்தியக்காரர் சட்டைப் பித்தான்போல் மின்னியது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். முன்னால் ஒரு தட்டில் பொரிகடலை.

எனக்கு முட்டி மடங்கிவிட்டது. மாமனார் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

"நல்லாக் கும்பிட்டுக்கங்க மாப்ள," என்றார் சந்தோஷமாக. "காத்தால எந்திரிச்சதுல இருந்து இதே சோலிதானுங்க. அத்தனையும் துருவு! நம்மூட்டுல இப்படி வெச்சிருக்கலாமுங்களா? மண்ணெண்ணெயில ஊறப் போட்டு, கம்பி பிரஷ் போட்டு, அப்பறம் உப்புத்தாள் போட்டு இளுத்தனுங்க. பாருங், மொகம் பாக்கலாம்."

பார்த்தேன். தெரிந்தது. வெளிறிய முகம், திறந்த வாய்.

"மாமா, முனை..." என்றேன்.

"அதைய ஏனுங் கேக்கறீங்க? பாதிக்கு மேல மொனை மளுங்கிக் கெடந்துச்சு. எல்லாத்துக்கும் கூர் வெச்சுப்புட்டேன். இனித் தக்கை என்னங்க தக்கை, செவுத்துலயே எறங்கும்."

"அந்த பிரஷ் வெச்சது?"

"அதுக்கு ஷாம்பு போட்டனுங்க."

உலகத்திலேயே எத்தனை பேரிடம் இருக்குமோ தெரியாது, ரோஸ்வுட் பிடியும் முழு பிரஷ்ஷும் கொண்ட என்னுடைய அந்த ஒரே ஒரு கார்க் ஸ்க்ரூ, கர்னலைப் பார்க்க வைக்க வேண்டும் என்று ஒரு வருடமாகப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தது, அது வரிசையின் நடுவில் தலைக்குக் குளித்த குழந்தைபோல் மலர்ந்து உட்கார்ந்திருந்தது.

சமையலறையிலிருந்து ரேவதி சுண்டல் கரண்டியோடு வந்தாள். அவளைத் தனியாக இழுத்துப்போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினேன். (மாமனார் வீட்டில் இருக்கும்போது கத்துவதற்கு அதுதான் வழி.) "உனக்குத் தெரியுமில்ல? தேய்க்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"எனக்கு ஆபீஸ் கால் இருந்துச்சுங்க. வந்து பாக்கறப்போ முக்காவாசி முடிஞ்சுபோச்சு. அப்பா முகத்தைப் பாத்தா எப்பிடிச் சொல்றது? சின்னப் புள்ளையாட்டம் உக்காந்து தேச்சுட்டு இருக்காரு."

"நாலு மணிக்குக் கர்னல் வர்றாருடி!"

"நவமியன்னைக்கு எவனாச்சும் ஒறம்பரையைக் கூப்புடுவானா? அதுக்கு நானா பொறுப்பு?"

நியாயமான கேள்வி. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. குறைந்தபட்சம் கார்க் ஸ்க்ரூக்களை எடுத்து உள்ளே ஒளித்து வைக்கலாம் என்று ஹாலுக்குப் போய்க் கையை நீட்டினேன்.

"மாப்ள!" மாமனார் குரல் பட்டறைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டுப் பழகியது. "பூசையில வெச்சதைய எடுக்கலாமுங்களா? அதுங்களுக்கு இன்னைக்கு லீவுங்க. நாளைக்குக் காத்தால மறுபூசை போட்டுட்டுத்தானுங்க தொடோணும்."

சோபாவில் படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த அனு நிமிரவே இல்லை. காலேஜ் படிக்கிறாள், பிறந்ததே புனே, தாத்தாவை அப்பச்சி என்று கூப்பிடுவது மட்டும்தான் கோயம்புத்தூர். "அப்பா, என் லேப்டாப் பி உதரிச் ஹை, அதுவும் அங்கதான் இருக்கு. நான் கம்ப்ளெய்ண்ட் பண்றேனா? நாளைக்கு சப்மிஷன். அப்பச்சிகிட்ட நான் சொல்லிட்டேன், சரஸ்வதியே சப்மிட் பண்ணிடுவாங்கன்னு."

எனக்குப் பதற்றம் வந்தால் மூளை நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். அது அபார வேகத்தில் ஓடும். திசைதான் தப்பு. சும்மா இருந்திருக்கலாம். கர்னலுக்குப் போன் செய்து, "சார், வீட்டில் பூஜை, இன்னொரு நாள் வாருங்கள்," என்று சொல்லியிருக்கலாம். எந்தப் புத்திசாலியும் அதைத்தான் செய்திருப்பான். நான் என்ன யோசித்தேன் தெரியுமா? 'மற்றதெல்லாம் போகட்டும். அந்த ஒன்றை மட்டும் நாலு மணிக்குள் மறுபடி பழசாக்கிவிடுவோம்.'

நூறு வருடம் செய்த வேலையை ஒன்றரை மணி நேரத்தில்.

மாமனார் சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். குறட்டை சீரானதும், சரஸ்வதியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ரோஸ்வுட் பிடியை உருவினேன். வரிசையில் ஓட்டைப் பல் மாதிரி ஓர் இடம் காலியாகத் தெரிந்தது. சமையலறைக்கு ஓடிக் கைக்குக் கிடைத்த குக்கர் விசிலை எடுத்து அந்த இடத்தில் வைத்து, அதற்கும் சந்தனம் குங்குமம் இட்டேன். பிறகு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

முதலில் புளித்தண்ணீர். புளியும் உப்பும் போட்டால் இரும்பு அரித்துக் கறுத்துவிடும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். நம் வீடுகளில் குத்துவிளக்கையும் குடத்தையும் எதைப் போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைக்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. மாமனார் தவறவிட்ட மூலை முடுக்கெல்லாம்கூட மின்ன ஆரம்பித்தது.

அடுத்து டீ டிகாஷன். ஊற வைத்தேன். இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பிரஷ் மட்டும் டீ குடித்த மீசைபோல் ஆனது.

வெளியே ரேவதி கதவைத் தட்டினாள். "ஏனுங்க, உள்ள என்ன பண்றீங்க? டீத்தூள் டப்பாவை ஏன் எடுத்துட்டுப் போனீங்க?"

"வயிறு சரியில்ல!"

"வயிறு சரியில்லைன்னா டீத்தூள் எதுக்கு?"

பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்பதில் அவளுக்கு நிகர் அவள்தான். மணி மூன்றே கால். அப்போதுதான் மூலையில் இருந்த அந்த நீல பாட்டில் கண்ணில் பட்டது. கழிப்பறை கழுவும் திரவம். அதில் அமிலம் இருக்கிறது. அமிலம் பட்ட இரும்பு ஈரத்தோடு காய்ந்தால் நொடியில் துருப்பிடிக்கும் என்பது தரக்கட்டுப்பாட்டுக்காரனான எனக்கு நன்றாகவே தெரியும். அதைத் தடுப்பதற்கென்றே எங்கள் கம்பெனியில் தனிப் பயிற்சி கொடுக்கிறேன். பிளாஸ்டிக் கப்பில் ஊற்றி, திருகை முக்கினேன். நுரைத்தது. எடுத்து, கழுவி, அனுவின் ஹேர் டிரையரைப் போட்டேன்.

வந்தது பாருங்கள் துரு! கருஞ்சாம்பல் நிறத்தில் இல்லை. செம்மண் நிறத்தில்கூட இல்லை. தள்ளுவண்டியில் எண்ணெயில் பொரித்தெடுக்கும் சில்லி சிக்கனின் ஆரஞ்சு. தொட்டால் கையோடு வந்தது. அமிலத்தின் துளிகள் தெறித்து ரோஸ்வுட் பிடியில் அங்கங்கே தேமல் விழுந்திருந்தது. பிரஷ்ஷின் முடி ஒவ்வொன்றாகக் கழன்று வாஷ்பேசினில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. புகையாலும் இருக்கலாம்.

'மங்கிய வெளிச்சத்தில் காட்டினால் தெரியாது,' என்று முடிவு செய்து, பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். நாலு மணி. காலிங் பெல் அடித்தது. ராணுவக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வந்து தொலைக்கிறார்கள்.

கர்னல் உள்ளே வந்தார். மணைப் பலகையைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு, குனிந்து ஒரு கும்பிடு போட்டார். நிமிரும்போதுதான் எதைக் கும்பிட்டோம் என்று பார்த்தார். மீசை இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் கீழே இறங்கியது.

"தேவா!" என்றார், நாம் 'கடவுளே' என்பதுபோல்.

அவர் பேசியது ஆங்கிலமும் ஹிந்தியும் கலந்து. அதிர்ச்சியான இடங்களில் மட்டும் மராத்தி. மாமனாருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது, ஆனால் ஒறம்பரை என்று வந்த விருந்தாளியை வரவேற்பதில் குறை வைக்க மாட்டார். எழுந்து வந்து, சுண்டல் கிண்ணத்தைக் கர்னல் கையில் திணித்து, ஒரு ஆசிரியர் தன் மாணவர்களைக் காட்டுவதுபோல் வரிசையைக் காட்டினார்.

"இதை யார் செய்தது?" என்றார் கர்னல்.

"என்ன கேக்கறாருங்க மாப்ள?"

"நல்லா இருக்குதுங்கறாரு மாமா," என்றேன்.

"கம்பி பிரஷ் போட்டிருக்கிறீர்களா?" என்றார் கர்னல்.

நான் வாயைத் திறப்பதற்குள் ரேவதி முந்திக்கொண்டாள். அவளுக்குப் பொய் பிடிக்காது, அதுவும் அவளுக்கு லாபமில்லாத பொய். "அப்பா, எப்பிடிச் செஞ்சீங்கன்னு கேக்கறாரு."

அவ்வளவுதான். மாமனார் மண்ணெண்ணெயில் ஆரம்பித்தார். கம்பி பிரஷ்ஷுக்கு வந்தார். உப்புத்தாளின் நம்பர் வரைக்கும் சொன்னார். ரேவதி ஒரு வார்த்தை விடாமல் ஹிந்தியில் மாற்றிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கர்னல் ஒரு சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். முனைக்குக் கூர் வைத்த இடம் வந்தபோது சுண்டலைக் கீழே வைத்துவிட்டார். போர்க்களத்தில்கூட அந்த மனிதர் அப்படி நின்றிருக்க மாட்டார்.

"ஒன்றைத் தொட்டுப் பார்க்கலாமா?" என்று குனிந்தார்.

"தொடக் கூடாதுங்க!" என்றார் மாமனார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கர்னல் விறைப்பாக நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த ரோஸ்வுட் பிடி? பிரஷ்ஷோடு இருப்பதாகச் சொன்னீர்களே? அதாவது தப்பித்ததா?"

இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன்! ஜன்னல் திரையை இழுத்து விட்டேன். "கவலைப்படாதீர்கள் சார். அதை மட்டும் தனியாக வைத்திருந்தேன். கை படாதது," என்று கம்பீரமாகச் சொல்லி, பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினேன்.

கர்னல் லென்ஸை எடுத்தார். பிறகு, லென்ஸை அப்படியே பாக்கெட்டில் திரும்ப வைத்தார். கார்க் ஸ்க்ரூவை மூக்குக்கருகே கொண்டுபோனார். இன்னொரு முறை முகர்ந்தார்.

"எலுமிச்சை," என்றார்.

நான் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டேன்.

"நூறு வருடத்துத் துருவில்," என்றார் கர்னல் மெதுவாக, "எலுமிச்சை வாசனை. என் வீட்டு டாய்லெட்டிலும் இதே வாசனைதான். என் மனைவி வேறு பிராண்ட் வாங்கமாட்டாள்."

என் கையைப் பார்த்தார். விரல் நுனி அத்தனையும் ஆரஞ்சு. என் பேண்டைப் பார்த்தார். பாக்கெட்டைச் சுற்றி, தக்காளிச் சட்னி கொட்டியதுபோல் ஒரு வட்டம்.

இந்த நேரம் பார்த்தா மாமனார் குனிந்து வரிசையைச் சரிபார்க்க வேண்டும்? "மாப்ள, இந்த எடத்துல குக்கர் விசிலு எப்பிடிங் வந்துச்சு?"

"டீத்தூள்!" என்றாள் ரேவதி. ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்பா, என் ஹேர் டிரையர் ஏன் ஆரஞ்சா இருக்கு?" என்று பாத்ரூம் பக்கமிருந்து குரல் வந்தது.

என் வாழ்க்கையில் பல இடங்களில் மாட்டியிருக்கிறேன். ஆனால் ஒரே நிமிடத்தில், மூன்று பக்கமும், மூன்று வெவ்வேறு குற்றங்களுக்காக மாட்டியது அன்றுதான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமாம், நான்தான் பாத்ரூம்ல வெச்சுச் செஞ்சேன்!" என்று தமிழிலும் ஹிந்தியிலும் கலந்து கத்தினேன். "என்னைக் கேட்காம என் சாமானைத் தேய்ப்பாங்களாம், மிக்ஸி ஜார் பக்கத்துல வெச்சுப் பொட்டு வெப்பாங்களாம், நான் மட்டும் ஒண்ணும் செய்யக் கூடாதாம்! இதுங்க என்ன கருவியா? ஒரு நாளாவது வேலை செஞ்சிருக்குதா? வேலையே செய்யாததுக்கு எதுக்கு ஆயுத பூஜை?"

மாமனார் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. "பூசையில இருந்ததைய எடுத்துட்டுப் போயி கக்கூசுல வெச்சுக் களுவுனீங்களா மாப்ள?" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் இன்னும் கொஞ்சம் கத்தியிருப்பேன்.

கர்னல் மட்டும் தன் காரியத்தில் கண்ணாக இருந்தார். அந்த ஆரஞ்சுக் கொடுமையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "இதை எனக்குத் தருவீர்களா?"

"எடுத்துக்கொண்டு போங்கள் சார். இனி என் கண்ணில் படக் கூடாது."

அதற்கும் மாமனார் விடவில்லை. பூஜையில் இருந்த பொருள் மறுபூஜைக்கு முன்னால் வாசப்படி தாண்டக் கூடாதாம். கைக்குட்டையிலிருந்து அதைப் பிடுங்கி, தண்ணீர் தெளித்துத் துடைத்து, குக்கர் விசிலை அகற்றிவிட்டு அதன் இடத்தில் மறுபடி உட்கார வைத்தார். பாவம், கர்னல் மறுநாள் தசரா விருந்தாளிகளை விட்டுவிட்டு, அதை எடுத்துப்போக இன்னொரு தடவை வந்தார். வரும்போது, தசரா அன்று இந்த ஊரில் எல்லோரும் செய்வதுபோல், மாமனாருக்குத் 'தங்கம்' என்று சொல்லி ஆப்டா இலை கொடுத்தார். மாமனார் அவருக்கு விபூதி பூசிவிட்டார். இரண்டு பேரும் ஒரு மொழியும் பொதுவில் இல்லாமல் ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் பெட்ரூமில் இருந்தேன், முதுகைக் காட்டிக்கொண்டு.

என் கண்ணாடிப் பெட்டி கனவு அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மற்ற கார்க் ஸ்க்ரூக்களின் கதியும் அப்படியே. மாமனார் கூர் வைத்த செய்தி கட்டடம் முழுக்கப் பரவி, இப்போது டிசம்பர் கடைசியில் எங்கள் செக்ரட்டரி முதற்கொண்டு எல்லோரும் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். "ஒன்று கொடுங்கள், நாளைக்குத் திருப்பித் தருகிறேன். உங்களுடையதுதான் சல்லென்று இறங்குகிறது." குடிக்காத நான், பாட்டில் திறக்கும் கருவிகளின் வாடகையில்லாத நூலகராக இருக்கிறேன். ஒரு நன்றி கிடையாது. ஒருவர் கழுவாமல் திருப்பித் தந்தார்.

இந்த நிலையில் கர்னலிடமிருந்து அழைப்பு வந்தது. கண்காட்சி. "குடும்பத்தோடு வாருங்கள், உங்கள் பொருளுக்குப் பெட்டி ஒதுக்கியிருக்கிறேன்."

என் காதையே நான் நம்பவில்லை. கண்டிப்பாகப் பெரிய மனுஷன்தான், மன்னித்துவிட்டார் என்று உருகினேன். புது ஷர்ட் வாங்கினேன். ரேவதி பட்டுப்புடவை கட்டினாள். ஊருக்குப் போயிருந்த மாமனார் இதற்கென்றே ரயிலேறி வந்தார். செக்ரட்டரியையும் கூப்பிட்டேன். (கூப்பிட்டேன் என்பதை விட, கையைப் பிடித்து இழுத்துப் போனேன் என்பதே சரி.)

பெட்டி ஹாலின் நட்டநடுவே, வாசலுக்கு நேரே இருந்தது. மேலே தனி விளக்கு. சுற்றிலும் கூட்டம். உள்ளே கறுப்பு வெல்வெட்டின் மேல், ஆரஞ்சு நிறத்தில், தேமல் பிடியோடு, முடி கொட்டிய பிரஷ்ஷோடு, அது. கீழே அட்டை. என் முழுப் பெயர், இனிஷியலோடு, பெரிய எழுத்தில். அதற்குக் கீழே ஆங்கிலத்திலும் மராத்தியிலும் எழுதியிருந்ததன் தமிழாக்கம் வருமாறு:

"பொருள் அசல். முதுமை போலி. இளம் சேகரிப்பாளர்கள் கவனமாகப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும்."

பக்கத்தில் முகர்ந்து பார்ப்பதற்கென்று கண்ணாடியில் ஒரு சின்னத் துளை வேறு. வரிசையில் நின்று முகர்ந்தார்கள், ஐயா. செக்ரட்டரி இரண்டு தடவை நின்றார்.

நான் கர்னலைத் தேடிப் போய் நியாயம் கேட்டேன். "உங்கள் பெயர் போட்ட பெட்டி கேட்டீர்கள், கொடுத்தேன். இந்த ஹாலிலேயே அதற்குத்தான் அதிகக் கூட்டம்," என்றார், மீசை முழு விறைப்பில். மாமனாரோ பெட்டிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, நான் ஆசைப்பட்டபடியே அத்தனை சொந்தக்காரர்களுக்கும் அனுப்பிவிட்டார். "அசல்னுதானுங் மாப்ள எழுதீருக்குது, அப்பறம் என்னங்க கொறை?" என்றார்.

அட்டையின் வாசகம் அந்தக் கண்காட்சியோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. நான் அனுவிடம் அந்தக் காலத்தில் நாங்களெல்லாம் என்று ஆரம்பித்தால், "அப்பா, பொருள் அசல், முதுமை போலி," என்கிறாள். சந்தைக்குப் போக முடியாது, மூட்டு வலிக்கிறது என்றால், "மூட்டு அசல், வலி போலி," என்று பையை எடுத்து நீட்டுகிறாள் ரேவதி. கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்தில், யாரென்றே தெரியாத ஒருவர் என்னிடம் வந்து, "நீங்கதானுங்களா அந்த அசல்?" என்று கேட்டார்.

போன வாரம் நிஜமாகவே முதுகு பிடித்துக்கொண்டது. கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. வலியில் நான் முனகிக்கொண்டிருக்கும்போது மாமனாரிடமிருந்து போன் வந்தது. ரேவதி ஸ்பீக்கரில் போட்டு, "அப்பா, இவருக்கு முதுகு வலியாம்," என்றாள்.



"மோந்து பாத்தியா கண்ணு?" என்றார் அவர்.